அடைவுநிலை ஆறும் அப்பாவின் கோபமும்



சனிக்கிழமை மாலை. துணைப்பாட வகுப்பில் பிள்ளையை விட்டுவிட்டு நேரே இங்கே வந்தவர்கள் பலர் இருப்பீர்கள். வகுப்பு முடிவதற்குள் திரும்ப வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டும் இருப்பீர்கள். அதனால் விஷயத்துக்கு உடனே வந்துவிடுகிறேன். பிள்ளைகளை எப்படி அதிக மதிப்பெண் எடுக்க வைப்பது என்று சொல்லித்தர இந்த ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எடுத்த மதிப்பெண்ணை எப்படி வாசிப்பது என்று சொல்லத்தான் ஆள் குறைவு. தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பித்தவள் என்ற முறையில் அதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

பிஎஸ்எல்இ என்ற நான்கெழுத்தை அறியாத குடும்பம் சிங்கப்பூரில் இல்லை. தொடக்கப்பள்ளியின் முடிவில் எழுதும் தேர்வு, 1960-இல் தொடங்கியது. இன்று இங்கே அமர்ந்திருக்கும் தாத்தாக்களில் சிலரும் அதை எழுதியிருப்பார்கள். ஆனால் தாத்தா எழுதிய தேர்வின் முடிவும், அப்பா எழுதிய தேர்வின் முடிவும், பிள்ளை எழுதப்போகும் தேர்வின் முடிவும் ஒரே மாதிரி வாசிக்கக் கூடியவை அல்ல. வீட்டில் நடக்கும் சண்டைகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. அப்பா தன் காலத்து அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையை அளக்கிறார்.

அந்தக் காலத்து அளவுகோல் என்ன? டி-ஸ்கோர். உங்களில் பலருக்கு அந்த எண் இன்றும் மனப்பாடமாக இருக்கும். 198, 221, 247 என்று நாற்பது வயதிலும் சொல்வீர்கள். அந்த எண் எப்படி வந்தது தெரியுமா? உங்கள் மதிப்பெண்ணை மட்டும் வைத்து வரவில்லை. அந்த ஆண்டு தேர்வு எழுதிய எல்லாருடைய சராசரியிலிருந்து நீங்கள் எவ்வளவு தள்ளி நின்றீர்கள், மற்றவர்களின் மதிப்பெண்கள் எவ்வளவு பரவிக் கிடந்தன என்று கணக்கிட்டு வந்தது. ஆங்கிலத்தில் 80 எடுத்த பிள்ளைக்கு ஓர் ஆண்டில் ஒரு டி-ஸ்கோர், இன்னோர் ஆண்டில் வேறொரு டி-ஸ்கோர். ஊரில் மற்ற பிள்ளைகள் நன்றாக எழுதினால் உங்கள் பிள்ளையின் எண் இறங்கும். யோசித்துப் பாருங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு, அடுத்த பிள்ளை நன்றாக எழுதுவதே ஓர் ஆபத்தாக இருந்தது.

2013-ஆம் ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங் இந்த முறை மாறும் என்று அறிவித்தார். 2016-இல் கல்வி அமைச்சு விவரங்களை வெளியிட்டது. 2021-இல் தேர்வு எழுதிய பிள்ளைகள்தான் முதன்முதலாக அடைவுநிலை முறையில் முடிவு பெற்றார்கள். நாம் ஏஎல் என்று சொல்கிறோமே, அது. இப்போது அடுத்த வீட்டுப் பிள்ளை எவ்வளவு எடுத்தாலும் உங்கள் பிள்ளையின் ஏஎல் அசையாது. பாடத்திட்டத்தில் எவ்வளவு பிடிபட்டிருக்கிறது என்பது ஒன்றே கணக்கு.

முறை மாறிவிட்டது. நாம் மாறினோமா?

ஏஎல் முறையின் எட்டு நிலைகளையும் ஒருமுறை உரக்கச் சொல்கிறேன், எல்லைகளைக் கவனித்துக் கேளுங்கள். 90-உம் அதற்கு மேலும் என்றால் ஏஎல் 1. 85 முதல் 89 வரை 2. 80 முதல் 84 வரை 3. 75 முதல் 79 வரை 4. 65 முதல் 74 வரை 5. 45 முதல் 64 வரை 6. 20 முதல் 44 வரை 7. 20-க்குக் கீழே 8.

என்ன கவனித்தீர்கள்? மேலே இரண்டு, மூன்று, நான்கு எல்லாம் ஐந்தைந்து மதிப்பெண் அகலம். ஐந்தாவது பத்து மதிப்பெண் அகலம். ஆறாவது இருபது. ஏழாவது இருபத்தைந்து. எல்லா நிலையும் ஒரே அகலம் என்று நினைத்துக்கொண்டுதான் நாம் அறிக்கைப் புத்தகத்தைத் திறக்கிறோம். இன்று மாலை நான் சொல்வதில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பெண்பிள்ளையை நினைத்துக்கொள்வோம். தொடக்கநிலை 5 இறுதித் தேர்வில் கணிதத்தில் 46. பள்ளிகள் தொடக்கநிலை 5-லிருந்தே அடைவுநிலையில் முடிவு தருவதால், அவளுக்கு ஏஎல் 6. அழுதாள். பிறகு உட்கார்ந்தாள். பின்னத்தை மறுபடி கற்றாள், விகிதத்தைக் கற்றாள், தப்பான கணக்கையெல்லாம் தனி நோட்டில் திரும்பப் போட்டாள். அடுத்த ஆண்டு, பிஎஸ்எல்இக்கு முன் பள்ளியே வைக்கும் பிரிலிம் தேர்வில் 63. பதினேழு மதிப்பெண் ஏற்றம்! எந்த ஆசிரியரும் நாற்காலியை விட்டு எழுந்து பாராட்ட வேண்டிய உழைப்பு. அறிக்கையில் என்ன வந்தது? ஏஎல் 6. அப்பா அதைப் பார்க்கிறார். "போன வருஷமும் ஆறு, இந்த வருஷமும் ஆறு. மாசாமாசம் டியூஷனுக்குக் காசு கட்டினதுக்கு என்னம்மா பலன்?" என்று கேட்கிறார். அந்தப் பிள்ளை என்ன பதில் சொல்வாள்?

அதே மாடியில் இன்னொரு வீடு. அங்கே ஒரு பையன் போன முறை 84, இந்த முறை 85. ஏஎல் 3-லிருந்து 2-க்கு ஏறிவிட்டான். கேக் வெட்டுகிறார்கள். வெட்டட்டும், அவன் மகிழ்ச்சி அவனுக்கு. ஆனால் கூடுதலாக அவன் எடுத்தது ஒரே ஒரு மதிப்பெண். இவள் எடுத்தது பதினேழு. ஏஎல் மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு அவன் வளர்ந்தான், இவள் நின்றுவிட்டாள்.

இது அமைச்சின் தவறா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஓரிரு மதிப்பெண் வித்தியாசத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்துவதைத் தவிர்க்கத்தான் நிலைகளை அகலமாக வைத்தார்கள். 75-க்கு மேல் எடுக்கும் பிள்ளைகள் அதிகம் என்பதால் மேலே நிலைகள் குறுகலாக இருக்கின்றன. உயர்நிலைப் பள்ளியில் இடம் ஒதுக்க அது ஏற்ற கருவி. ஒரு பிள்ளை இந்த ஆண்டு எவ்வளவு வளர்ந்தாள் என்று காட்ட அந்தக் கருவியை யாரும் செய்யவில்லை. அதற்கு வேறொன்று வேண்டும்.

அந்த வேறொன்று உங்கள் வீட்டிலேயே, பள்ளிப்பையின் அடியில், கசங்கிப்போய்க் கிடக்கிறது. விடைத்தாள்! பள்ளித் தேர்வின் விடைத்தாள் உங்கள் கைக்கு வருகிறது. கையெழுத்துப் போடுகிறோம். முதல் பக்கத்தின் மூலையில் வட்டமிட்ட எண்ணைப் பார்க்கிறோம், போடுகிறோம். உள்ளே திருப்பிப் பார்த்தவர் எத்தனை பேர்?

திருப்பிப் பார்த்தால் என்ன தெரியும்? ஒரு கணக்கைச் சொல்கிறேன். ஒருவரிடம் 120 வெள்ளி இருந்தது. அதில் ஐந்தில் இரண்டு பங்கைக் கொடுத்து ஒரு பை வாங்கினார். மீதியில் நான்கில் ஒரு பங்கைக் கொடுத்துப் புத்தகம் வாங்கினார். கடைசியில் எவ்வளவு இருக்கும்? பைக்கு 48 போனால் மீதி 72. அதில் நான்கில் ஒரு பங்கு 18. கையில் 54 வெள்ளி. இதுதான் விடை. ஒரு பிள்ளை 42 என்று எழுதியிருக்கிறான். எப்படி வந்தது? 120-இல் நான்கில் ஒரு பங்கு 30 என்று போட்டு, 48-உம் 30-உம் சேர்த்துக் கழித்துவிட்டான்.

இந்தப் பிள்ளைக்குப் பின்னம் தெரியாதா? தெரியும். பெருக்கல் தெரியாதா? தெரியும். கழித்தல் பிழையா? இல்லை. கேள்வி 'மீதியில்' என்றது, அவன் 'மொத்தத்தில்' என்று எடுத்துக்கொண்டான். அவ்வளவுதான். இந்தப் பிள்ளையை இன்னொரு கணித டியூஷனில் சேர்த்து இன்னும் நூறு பின்னக் கணக்கு போடச் சொன்னால் என்ன ஆகும்? நூறையும் அதே வேகத்தில் படிப்பான், அதே வேகத்தில் தவறவிடுவான். அவனுக்கு வேண்டியது ஆங்கிலத்தில் இருக்கும் அந்தக் கேள்வியை மெதுவாகப் படித்து, ஒவ்வொரு வரிக்கும் ஒரு கட்டம் வரைந்து பார்க்கும் பழக்கம். அதைப் பத்து நாளில் சரிசெய்யலாம். ஏஎல் 6 என்ற எழுத்தும் எண்ணும் இதைச் சொல்லுமா? சொல்லவே சொல்லாது.

ஆகவே விடைத்தாளை எடுங்கள். சிவப்பு மையைப் பார்த்து முகம் சுளிக்காமல், ஒவ்வொரு தவற்றுக்கும் பக்கத்தில் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். எனக்குத் தெரியவில்லை. தெரியும், ஆனால் கேள்வியைத் தப்பாகப் புரிந்துகொண்டேன். தெரியும், நேரம் போதவில்லை. இந்த மூன்றில் எது என்று அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும். தெரியாததற்குக் கற்பித்தல் வேண்டும். புரியாததற்கு வாசிப்பு வேண்டும். நேரம் போதாததற்குப் பயிற்சி வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து ஒரே மருந்தாக டியூஷன் என்று போய்விடுகிறோம். பிறகு காசு போனது என்கிறோம்.

அடுத்து, சின்னப் பிள்ளைகளின் பெற்றோரிடம் ஒரு வார்த்தை. தொடக்கநிலை 1, 2-இல் தேர்வே இல்லை. அறிக்கைப் புத்தகத்தில் எண்ணும் இல்லை. கூட்டல் கழித்தல் செய்கிறான், எளிய வாக்கியம் வாசிக்கிறாள் என்று சொற்களில்தான் இருக்கும். 2019-லிருந்து எந்த வகுப்பிலும் வரிசை எண்ணும் கிடையாது. வகுப்பில் எத்தனையாவது, நிலையில் எத்தனையாவது என்று எங்கும் இராது. பெற்றோருக்கு இது பெரிய தவிப்பு. அதிலும் தமிழ்நாட்டிலிருந்து அண்மையில் வந்து குடியேறியவர்களுக்கு. "முதல் ரேங்க்கா, மூணாவது ரேங்க்கா, அது தெரியாம எப்படிங்க?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். அவர்கள் தவிப்பை நான் எள்ளளவும் குறைத்துப் பேசமாட்டேன். வெளிநாட்டுக்கு வந்து, தெரியாத முறையில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, சரியாகப் படிக்கிறானா என்று அறிய ஒரு பிடி கூட இல்லையே என்று தேடுகிறார்கள். ஆனால் அவர்கள் விட்டுவந்த ஊரிலேயே, பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் மாநில ரேங்க் அறிவிப்பதை 2017-இல் நிறுத்திவிட்டார்கள். இங்கே பிஎஸ்எல்இயில் முதலிடம் வந்த பிள்ளையின் பெயரை வெளியிடுவதை 2012-இலேயே நிறுத்திவிட்டார்கள். அமைச்சு நிறுத்தியதை நாம் நிறுத்தினோமா? பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அன்றிரவே யார் எத்தனை என்று கேட்டு, நாமே ஒரு பட்டியல் தயாரித்துவிடுகிறோம்!

இன்னொன்றும் இருக்கிறது. பிரிலிம் வினாத்தாள் பள்ளிக்குப் பள்ளி வேறு. ஒரு பள்ளியின் 72-ஐயும் இன்னொரு பள்ளியின் 80-ஐயும் பக்கத்தில் வைத்து யார் கெட்டிக்காரர் என்று தீர்ப்பு எழுத முடியாது. பெரியம்மா மகளின் பிரிலிம் மதிப்பெண்ணைக் கேட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது என் சொந்தப் பாடத்துக்கு வருகிறேன். தமிழ்! நம் பிள்ளைகளின் நான்கு ஏஎல்களில் வீடு நேரடியாக மாற்றக்கூடிய ஒன்று இது. தமிழ்த்தேர்வுக்கு மொத்தம் 200 மதிப்பெண். கட்டுரைக்கு 40. மொழிப் பயன்பாட்டுக்கும் கருத்தறிதலுக்கும் 90. வாய்மொழிக்கு 50. கேட்டலுக்கு 20. கூட்டிப் பாருங்கள். வாயாலும் காதாலும் வாங்கும் மதிப்பெண் மட்டும் 70. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! வாய்மொழித் தேர்வில் பிள்ளை ஒரு பத்தியை வாய்விட்டு வாசிக்க வேண்டும். பிறகு ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு ஆசிரியரோடு அதைப் பற்றி உரையாட வேண்டும். அந்த உரையாடலில் தடுமாறும் பிள்ளை யார்? இலக்கணம் தெரியாத பிள்ளை அல்ல. "நீ என்ன நினைக்கிறே?" என்று தமிழில் யாரும் கேட்டே பார்க்காத பிள்ளை. சாப்பாட்டு மேசையில் நாம் தமிழில் என்ன பேசுகிறோம்? "சாப்பிடு. குளி. படு. போன வை." எல்லாம் கட்டளை. கட்டளைக்குப் பிள்ளை தலையாட்டுவான், பேசமாட்டான். தாத்தா பாட்டிகளே, இங்கே உங்கள் கை ஓங்கியிருக்கிறது. எம்ஆர்டியில் பார்த்த ஒரு சம்பவத்தைச் சொல்லச் சொல்லுங்கள். ஏன் அப்படி நடந்தது என்று கேளுங்கள். அவன் சொல்லும்போது ஆங்கிலச் சொல் விழுந்தால் குறுக்கிட்டுத் திருத்தாமல், உங்கள் பதிலில் அதே பொருளுக்குத் தமிழ்ச்சொல்லைப் போட்டுத் திருப்பித் தாருங்கள். அடுத்த வாரம் அந்தச் சொல் அவன் வாயில் வரும்.

இனி ஏஎல்களின் கூட்டுத்தொகை. நான்கு பாடங்களின் ஏஎல்லைக் கூட்டினால் பிஎஸ்எல்இ மதிப்பெண். மிகச் சிறந்தது 4, கடைசி 32. குறைந்தால் நல்லது என்பதே பல பாட்டிகளுக்கு இன்னும் பழகவில்லை. உயர்நிலைப் பள்ளியில் சேர்க்கும் குழுவை பிஜி என்கிறோம். 4 முதல் 20 வரை என்றால் பிஜி 3. 21, 22 என்றால் பிஜி 2 அல்லது 3. 23, 24 என்றால் பிஜி 2. 25 என்றால் பிஜி 1 அல்லது 2. 26 முதல் 30 வரை, ஆங்கிலத்திலும் கணிதத்திலும் ஏஎல் 7-ஆவது இருந்தால், பிஜி 1. இதைக் கேட்டதும் நம் மனம் உடனே பழைய பெயர்களை ஒட்டிவிடுகிறது. எக்ஸ்பிரஸ், நார்மல் அகாடமிக், நார்மல் டெக்னிக்கல். 2024-இல் உயர்நிலை 1-இல் சேர்ந்த பிள்ளைகளிலிருந்து அந்தப் பிரிவுகள் இல்லை. ஒரே வகுப்பில் மூன்று குழுப் பிள்ளைகளும் சேர்ந்து உட்காருகிறார்கள். பாடத்துக்குப் பாடம் ஜி 1, ஜி 2, ஜி 3 என்று நிலை மாறும்.

இதன் பொருளை ஒரு பிள்ளையை வைத்துப் பார்ப்போம். ஆங்கிலம் ஏஎல் 7, கணிதம் 6, அறிவியல் 6, தமிழ் 5. கூட்டினால் 24. பிஜி 2. பழைய கண்ணோடு பார்ப்பவர், "நார்மலுக்குப் போயிட்டான்" என்று தலையில் கை வைப்பார். ஆனால் தமிழில் ஏஎல் 5 எடுத்திருக்கிறானே! பிஜி 1, பிஜி 2 பிள்ளைகள் ஒரு பாடத்தில் ஏஎல் 5 அல்லது அதைவிட நல்ல நிலை எடுத்திருந்தால், அந்தப் பாடத்தை உயர்நிலை 1-இன் தொடக்கத்திலிருந்தே ஜி 3-இல் படிக்கலாம். அந்தப் பிள்ளை தமிழ் வகுப்பில், ஏஎல் 1 எடுத்த பிள்ளையின் பக்கத்து இருக்கையில் உட்காருவான். 24 என்ற ஒற்றை எண் அதை மறைத்துவிடுகிறது. நான்கு எண்களையும் தனித்தனியாகப் படித்தால்தான் தெரியும். கூட்டுத்தொகையைப் பார்த்ததும் துவண்டுபோய், அந்த வாய்ப்பைப் பற்றிக் கேட்காமலே விடும் பெற்றோரை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

பாடத்தை எளிமையாக்கிக் கற்பிக்கும் பவுண்டேஷன் நிலை என்ற சொல்லைக் கேட்டாலே நடுங்கும் பெற்றோர்களே, உங்களுக்கும் இதே பதில்தான். தொடக்கநிலை 4 முடிவில் பள்ளி பரிந்துரைக்கும், முடிவு உங்கள் கையில். வழக்கமான கணிதத்தில் திணறி 20-க்குக் கீழே எடுக்கும் பிள்ளைக்கு ஏஎல் 8. அதே பிள்ளை பவுண்டேஷன் கணிதத்தில் 75 எடுத்தால் அது ஏஎல் 6-ஆகக் கணக்கில் சேரும். 30 எடுத்தாலே 7. ஆறுக்கு மேல் ஏற முடியாது என்பது உண்மை. நன்றாகச் செய்யக்கூடிய பிள்ளையை அதில் தள்ளக்கூடாது என்பதும் உண்மை. ஆனால் எதுவும் புரியாமல் இரண்டு ஆண்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை, அக்கம்பக்கம் என்ன சொல்லும் என்பதற்காக அங்கேயே உட்கார வைப்பது கொடுமை. கொடுமை என்ற சொல்லைத் தெரிந்துதான் சொல்கிறேன்.

நவம்பர் கடைசியில் பிஎஸ்எல்இ முடிவு வரும். கையில் சில நாள்தான். அதற்குள் ஆறு உயர்நிலைப் பள்ளிகளை வரிசைப்படுத்தி எழுத வேண்டும். அப்போது எல்லாரும் தேடுவது கட்-ஆஃப் எண். அது பள்ளி முன்கூட்டியே வைத்த வேலி அல்ல. போன ஆண்டு அந்தப் பள்ளியில் கடைசியாக இடம் பெற்ற பிள்ளையின் மதிப்பெண். இந்த ஆண்டு யார் யார் விண்ணப்பிக்கிறார்களோ அதைப் பொறுத்து அது நகரும். ஒரே மதிப்பெண்ணில் பலர் கடைசி இடத்துக்கு நின்றால் முதலில் குடியுரிமை, அடுத்து விருப்ப வரிசை, அதற்கும் பிறகு கணினிக் குலுக்கல். விருப்ப வரிசைக்கு இப்படி ஒரு கனம் இருப்பதால், எந்தப் பள்ளி உண்மையில் வேண்டுமோ அதை முதலில் எழுதுங்கள். உயர்தமிழ் வேண்டுமா, அந்தப் பள்ளியில் இருக்கிறதா, பிள்ளைக்குப் பிடித்த இணைப்பாட நடவடிக்கை உண்டா, காலை ஐந்தரைக்கு எழுந்து இரண்டு பேருந்து மாறிப் போகும் தூரமா என்று பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள். நான்கு ஆண்டு போய்வரப் போவது அவன்தான்.

அழைப்பிதழில் கேட்டிருந்தபடி பிள்ளையின் பள்ளித் தேர்வு விடைத்தாளைச் சிலர் கொண்டுவந்திருப்பீர்கள். பெயரும் மதிப்பெண்ணும் இருக்கும் முதல் பக்கத்தை மடித்துவிட்டு மேடைக்குப் பக்கத்தில் உள்ள மேசைக்கு வாருங்கள். கணிதத் தாள்களை முதலில் பார்ப்போம், தமிழ்த் தாள்களை அடுத்து. டியூஷன் முடிந்து பிள்ளையை அழைத்துவரப் போக வேண்டியவர்கள் முன்னால் நில்லுங்கள்.